வரவேண்டியது

எல்லைப் பலகை தாண்டியதும் எழுத்தெல்லாம் வட்டமாகிவிடும்.
நகரி தாசில்தார் ஆபீஸில் எனக்காக ஒரு மரம் வரைந்து வைத்திருந்தார்கள்.
இலை கிடையாது. ஸ்கேல் வைத்த கோடுகள்.
உச்சியில் தேசம்மா. இறப்பு. உயில் இல்லை.
அவளிடமிருந்து ஒரு கோடு இடப்பக்கம் போய்
ஏகாம்பரத்தில் முட்டி (பெயர் மேல் பெருக்கல் குறி)
கீழே இறங்க ஆளில்லாமல் பக்கவாட்டில் நகர்ந்து
என் அப்பாவைத் தொட்டு, அங்கும் ஒரு குறி போட்டு,
என்மேல் வந்து நின்றது.

கூடப்பிறந்த முனிரத்தினத்துக்குக் கோடே இல்லை.
அவர் மரத்துக்கு வெளியே, வராந்தா பெஞ்சில்,
மில் சாவியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

குமாஸ்தா தெலுங்கில் சொன்னார்.
நான் விழிப்பதைப் பார்த்துத் தமிழில் இன்னொரு தரம்:
"பிள்ளை இல்லை, புருஷன் இல்லை.
தாய் தகப்பன் வழியில வந்த சொத்தா இருந்தா அண்ணனுக்குப் போயிருக்கும்.
இது அந்தம்மா தானே உழைச்சு வாங்குனது.
அதனால உங்களுக்கு."

'அதனால' என்ற சொல்லை
இப்படி ஒரு இடத்தில் நான் கேட்டதில்லை.

அவளை நான் பார்த்ததில்லை.
எங்கள் வீட்டில் அவள் இருந்தது பதினோரு மாதம்.
பெரியப்பா லாரியில் அடிபட்டு, காரியம் முடிந்த மறுநாள்
தகரப் பெட்டியோடு முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள்.
கம்மலைக் கழற்றி வாங்கியது என் அப்பா.
அவரே சொன்னார், ஒரு தீபாவளிக்கு,
கொஞ்சம் குடித்துவிட்டு, சாமர்த்தியம் போல.
அம்மா காதில் அதை எனக்குத் தெரியும்.
ஒன்றின் திருகு மட்டும் வேறு.
பிறகு என் பாலிடெக்னிக் ஃபீஸுக்கு அடகு போய் மூழ்கியது.

மில், விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு சந்தில்.
பத்தடிக்குப் பதினெட்டு.
மிளகாய்க்குத் தனி மெஷின் வாங்கக் காசு சேரவில்லை,
எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.
"மிளகாய் ஓட்டினா அப்புறம் ஒரு பிடி அரிசி விடணும்.
அந்த மாவு யாருக்கும் இல்லை, கொட்டிடணும்"
என்றார் முனிரத்தினம். அவர் கவலை மெஷினைப் பற்றி.

எனக்கு மூன்று லட்சம் கடன் இருக்கிறது.
இதையும் எழுதத்தான் வேண்டும்.
சந்துக்குள் நுழையும்போதே மனசுக்குள்
இடத்தை விற்று முடித்திருந்தேன்.
விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத்தாள் என்ன விலை என்று
கேட்காமலே வந்திருந்தேன்.

கணக்கு நோட்டை எடுத்துக் கொடுத்தார்.
தமிழ் எழுத்தில் தெலுங்குப் பெயர்கள்.
சுப்பராயுடு, கேழ்வரகு நாலு கிலோ, பாக்கி.
ஈஸ்வரம்மா, மல்லி, பாதி வந்தது.
கான்ஸ்டபிள் வீடு, கேட்க வேண்டாம்.
வருஷத்துக்கு ஒரு நோட்டு.
ஒவ்வொன்றிலும் பிள்ளையார் சுழிக்குக் கீழே
முதல் வரி மாறவே இல்லை:
திருத்தணி தணிகாசலம். கம்மல் ஒரு ஜோடி. வரவேண்டியது.

முப்பத்திரண்டு நோட்டுகள்.

குமாஸ்தாவுக்குப் போன் செய்தேன்.
வரவேண்டிய பாக்கியும் சொத்துதானாம், அதுவும் வாரிசுக்கே.
"தர வேண்டியது யாரு?"
சொன்னேன்.
மறுமுனையில் சிரித்த மாதிரி இருந்தது.
"வாங்க வேண்டியவரும் நீங்க, தர வேண்டியவரும் நீங்க.
அப்ப கடன் தீர்ந்துபோச்சு சார்."

வாசலில் ஒருத்தி வரமிளகாய்ப் பையோடு நின்றாள்.
மில் இப்போது யாருடையது என்று கேட்கவில்லை,
"எவ்வளவு நேரமாகும்?" என்றுதான் கேட்டாள்.
ஸ்விட்ச் என் பக்கம் இருந்தது.
முனிரத்தினம் என்னைப் பார்த்தார். போட்டேன்.
நெடி ஏறி நான் இருமினேன்.
அவர் இருமவில்லை.

அவள் போன பிறகு ஒரு பிடி அரிசி விட்டார்.
சிவப்பாக வந்தது.
கொட்டிவிட்டு இன்னொரு பிடி.
இன்னும் சிவப்பு.