தலையைத் தூக்கு

பெரும்பாக்கம். எங்கள் பிளாக் வாசல்.
ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தவனை நிறுத்தி
தலையைத் தூக்கு என்றார் ஏட்டு.
ஹெல்மெட் தழும்போடு தூக்கினேன்.
அவர் போனில் ஒரு வட்டம் சுற்றியது,
சுற்றிக்கொண்டே இருந்தது.

இங்க டவர் கிடைக்காது சார்.
மொட்டை மாடிக்குப் போனா ஒரு கோடு வரும்.
தங்கச்சி பியூலா அங்கேதான்
தண்ணித் தொட்டி ஏணியில் ஏறி நின்று
பரீட்சை ஃபாரம் அனுப்பினாள்,
கடைசித் தேதி, பதினொன்று ஐம்பத்தெட்டு.
விடியும் வரை அனுப்பினாள்.

கம்பத்துக் கேமராவுக்கு மட்டும்
கறுப்பு வயர் வந்துவிட்டது,
கூவக்கரையில் எங்களை ஏற்றிய லாரி
இங்கே கொட்டிவிட்டுப் போன மறுவாரமே.

லிஃப்ட் ஓடவில்லை.
எட்டு மாடி. ஐந்தாவதில்
ஏட்டுக்கு மூச்சு வாங்கியது,
என் பாட்டிலில்தான் தண்ணீர் குடித்தார்.

உச்சியில், படம் ஒரே நொடியில் போனது.
பொருந்தவில்லை என்றது திரை.
யாரோட சார்?
தெரியலப்பா.
என் மூஞ்சி இப்ப எங்க சார் இருக்கு?
அது மேலே போயிடுச்சு.

அண்ணாந்து பார்த்தேன்.
தொட்டியும் ஏணியும்தான் இருந்தன.