ஐம்பத்தெட்டரை

ஐம்பத்தெட்டரை.
மூன்று தடவை அளந்துவிட்டேன்,
புருவத்துக்கு ஒரு விரல் மேலே தொடங்கி
பின்மண்டை மேட்டைச் சுற்றி.
நிச்சயதார்த்தத்தில் மோதிர விரல் அளந்தபோதுகூட
இவ்வளவு அசையாமல் உட்காரவில்லை தணிகைவேல்.

வெளியே மே மாதம்.
சத்துவாச்சாரி மாடியில் தொட்டித் தண்ணீர்
டீ போடும் சூட்டுக்கு வந்துவிட்டது.
நாங்கள் பனிக்கு ஹெல்மெட் தேடுகிறோம்.

லாங் பஜாரில் முனவ்வர் பாய்
முழுமுகம், அரைமுகம், ஐ.எஸ்.ஐ. முத்திரை,
பொம்மை ஒட்டிய குட்டி சைஸ்வரை
எல்லாம் எடுத்துப் போட்டார்.
"எந்த வண்டிக்குமா?"
"வண்டி இல்ல பாய். ரெண்டு பலகை."
"பிரேக்கு?"
"கிடையாது."
கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துவிட்டு
மூன்று டீ சொன்னார்.

ஸ்லாலம் என்றால்
சரிவு முழுக்கக் கம்பம் நட்டிருப்பார்கள்,
சிவப்பு, நீலம், மறுபடி சிவப்பு.
ஒதுங்கிப் போனால் நேரம் போய்விடும்.
அடித்துக்கொண்டேதான் இறங்கணும்.
சாய்ந்த கம்பம் சும்மா கிடக்காது, எழும்பும்.
போன வருஷம் அவன் மேலுதட்டில் நாலு தையல்.
என்னிடம் சொன்னது:
"ஷேவ் பண்ணசொல்ல கிழிச்சிகிச்சு."

ரெஜிமெண்டில் கூட ஓடுகிற ஸ்டான்சின்
தன் பழசை அனுப்பியிருந்தான், பாதி விலைக்கு.
பளபளவென்றுதான் இருந்தது.
இராணிப்பேட்டை ஷூ கம்பெனியில்
பதினோரு வருஷம் தையல் லைன் பார்க்கிறவள் நான்,
மேல்பூச்சைப் பார்த்து எதையும் பாஸ் பண்ணுவதில்லை.
உள்மெத்தையைப் பிரித்தேன்.
வெள்ளை ஃபோமில் ஒரு மயிரிழை,
நெற்றியிலிருந்து காதுவரை.
ஒரு தலையைக் காப்பாற்றி முடித்துவிட்டது இது.
இன்னொரு தலைக்கு மிச்சம் வைக்கவில்லை.

புதுசு பார்சலில் வந்தது, இரண்டு சைஸ்.
லார்ஜைப் போட்டதும் சிரித்தான்.
சிரிக்க முடிகிறதென்றால் பெரிசு.
மீடியத்தில் கன்னம் பிதுங்கியது.
"பஞ்சு அமுங்கும்டா,
இன்னிக்குச் சுகமா இருக்கிறது ஜனவரியில ஆடும்.
தலையை ஆட்டு."
ஆட்டினான்.
ஹெல்மெட்டோடு நெற்றித்தோலும் நகர்ந்தது.
வியர்வை மூக்கு நுனியில் நின்று
என் அளவு நாடாமேல் சொட்டியது.

காதில்தான் சண்டை.
வேகப் பந்தயத்துக்கெல்லாம்
காதையும் கெட்டி ஓடு மூடணுமாம்,
ஸ்லாலத்துக்கு மட்டும் மெத்தைக்காது போதுமாம்.
"எதுக்குப் போதும்? தையல் போடவா?"
பதில் சொல்லாமல்
பிளேடால் மேசை விளிம்பைச் சுரண்டிக் காட்டினான்.
"விளிம்பு ஐஸைப் பிடிச்சா ஸ்ஸுன்னு ஒரே நூல்.
வழுக்கப் போகுதுன்னா கரகரங்கும்.
கண்ணுக்கு முன்னாடி காதுக்குத்தான் தெரியும், பூங்காவனம்."

நான் நாடாவைச் சுருட்டினேன்.
நாற்பது மெஷின் ஓடும் ஹாலில்
பதினேழாவது மெஷினில் ஊசி முறியப்போவது
எனக்கு முதுகைத் திருப்பியிருந்தாலும் கேட்கும்.
அதை யாருக்கும் இதுவரை விளக்கினதில்லை.

"சரி. காது உன் இஷ்டம்.
தாடைக் கம்பி என் இஷ்டம்."
கம்பிக்குத் தனியாக இரண்டாயிரத்து நானூறு.

சாயங்காலம் பாலாறு.
தண்ணீர் இல்லை, இடத்துக்குப் பஞ்சமில்லை.
எட்டுச் சவுக்குக் கழி நட்டோம்,
அடித்தால் எழும்பும்படி அடியில் சைக்கிள் ட்யூப் கட்டி.
பலகை இல்லாமல், வெறுங்காலோடு,
தலையில் மட்டும் இமயமலையை மாட்டிக்கொண்டு
மணலில் வளைந்து வளைந்து ஓடினான்.
பந்து பொறுக்க வந்த பையன் ஒருத்தன்
நின்று பார்த்துக் கேட்டான்:
"இன்னாத்துக்குண்ணா போயி முட்டிக்கினு கீற?
தள்ளிப் போயேன்."

இருவருக்கும் பதில் தெரியவில்லை.

மூன்றாவது கழி எழும்பி வந்து
கம்பியில் விழுந்தது.
டக்.
திரும்பி என்னைப் பார்த்தான்,
தழும்பு உதட்டோடு.
அந்தச் சத்தத்திலேயே
இரண்டாயிரத்து நானூறும் வரவு வைத்துவிட்டேன்.

லார்ஜை நாளைக்குத் திருப்பி அனுப்பணும்.