இடச் சரிக்கட்டல்

மார்ச் மாதச் சம்பளச் சீட்டில்
புதிதாய் ஒரு வரி.
இடச் சரிக்கட்டல்: கழித்தல் பதினோராயிரத்து நானூறு.

பெங்களூரிலிருந்து கூப்பிட்ட எச்.ஆர். பெண் நல்லவள்.
இது குறைப்பே இல்லையாம்,
நான் இருக்கும் ஊரின் விலைவாசிக்கு
என்னைப் பொருத்துகிறார்களாம்.
பின்னணியை மங்கலாக்கி வைத்திருந்தேன்,
உப்புப் பூத்த சுவர் அவளுக்குத் தெரியவில்லை.
மணலிப் பக்கமிருந்து காற்று திரும்பியிருந்தது.
கேமராவுக்கு மூக்கு இல்லை.
பின்கோடு மட்டும் எப்படியோ தெரிந்துவிடுகிறது.

அதே குழு, அதே டிக்கெட்டுகள்.
ஒயிட்ஃபீல்டில் உட்கார்ந்து பிரத்யுஷ் உடைத்ததை
தண்டையார்பேட்டையில் உட்கார்ந்து ஒட்டுகிறேன்
இரவு இரண்டு மணிக்கு,
ஒரு கன்டெய்னர் லாரியின் ஹாரனுக்கும்
அடுத்ததன் ஹாரனுக்கும் நடுவில்
மைக்கைத் திறந்து, பேசி, மூடி.
விழுந்து கிடந்த சர்வர்
எழுந்துகொள்ளும் முன்
நீ எந்தப் பேட்டை என்று கேட்டதில்லை.

காசிமேட்டில் ஏலம் போகும் வஞ்சிரம்
தெற்கே போகப் போக விலை ஏறும்.
நான்
ஊரடங்கில் வடக்கே திரும்பி வந்த மீன்.

மாடி வீட்டு தாவீது துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான்.
சொன்னேன்.
"பொட்டி சிங்கப்பூர் போனா
எனக்கு சிங்கப்பூர் கூலியா குடுக்கறான்?"
சிரிக்கவில்லை.
துணியெல்லாம் எடுத்து மடித்த பிறகு
அவனே சொன்னான்:
"ஆனா நீ பொட்டி இல்லியே, ரெஜினா."
அது ஆறுதலா என்று இன்னும் பிடிபடவில்லை.

ஏப்ரல் ஒன்றாம் தேதி
வீட்டுக்காரர் கனகசபாபதியின் வாட்ஸ்அப்:
"மெட்ரோ வந்துடுச்சு. இனிமே இதுவும் சிட்டிதாம்மா.
அடுத்த மாசத்துலேர்ந்து ரெண்டாயிரம் சேத்துக் குடு.
உனக்கு இன்னா, பெங்களூர் சம்பளம்."
கீழே கைகூப்பும் பொம்மை.

அப்படியே படம் பிடித்து எச்.ஆருக்கு அனுப்பினேன்.
தமிழ் தெரியாதாம். மன்னிப்பு கேட்டுக்கொண்டு
ஒரு படிவம் அனுப்பினாள்.
மொழிபெயர்த்து இணைக்க வேண்டும்,
காரணம் ஐம்பது எழுத்துக்குள்,
பரிசீலிக்க மூன்று வேலை நாள்.

சிட்டி என்று எழுதினேன்.
அழித்தேன்.
அந்த 'தாம்மா'வை
எந்தக் கட்டத்தில் போடுவது என்று யோசிக்கையில்
எண்ணூர் நெடுஞ்சாலையில் நீளமாய் ஒரு ஹாரன்.
கை தானாகப் போய் மைக்கைத் தேடியது.

அழைப்பில் யாரும் இல்லை.
நானும் இல்லை.