இரண்டு மணி நேரம் கழித்து

பரேலில் மூன்றாவது மாடி.
மெஷின் பழுது. எஞ்சினியர் குர்லாவில்,
தண்டவாளத்தின் மேல் தண்ணீர்.
ஆகவே கையால்:
வெந்நீர்த் தொட்டியிலிருந்து குழாயை எடு,
சாய், நிமிர்த்து, சாய்,
விளக்குக்கு எதிரே பிடி.

திரவம் திரவமாகவே ஆடும், ஆடும்,
பிறகு எதையோ நினைத்துக்கொண்டதுபோலத் தயங்கும்.
சிலந்தி விட்ட முதல் நூலளவு வெண்மை.
ஸ்டாப்வாட்சை அங்கே அமுக்க வேண்டும்.

எங்களுக்கு முப்பத்திரண்டு நொடி.
எங்களுக்கு என்றால்
நான், ஷிண்டே, லிஃப்ட் இயக்கும் பர்வேஸ்,
இன்னும் பதினேழு பேர் கொடுத்த ரத்தத்தின் கலவை.
'நார்மல்' என்று லேபிள் ஒட்டியிருக்கிறோம்,
என் வீட்டில் யாரும் ஒப்புக்கொள்ளாத சொல்.

செல்வினுக்குத் தொண்ணூற்றெட்டு.
பதினொரு வயது, தாராவி தொண்ணூறடி ரோடு.
வலது முழங்கால் இளநீர்போல் திரண்டிருக்கிறது.
விழவில்லையாம். அடிபடவில்லையாம்.
கேரம் ஆடக் காலை மடக்கி உட்கார்ந்தானாம்,
அவ்வளவுதான்.
அவன் அம்மா பைகளுக்கு ஜிப் தைப்பவள்.
"ஊசி ஏறினா எனக்கு உடனே நின்னுடுது மேடம்" என்றாள்,
திருட்டை ஒப்புக்கொள்ளும் குரலில்.

அவன் பாதி, நாங்கள் பாதி, கலந்தேன்.
முப்பத்தெட்டு!
ஷிண்டே கட்டைவிரலை உயர்த்தினார்.
எங்களிடம் இருப்பது அவனிடம் இல்லை,
கொடுத்தால் தீரும்.

ஆனால் இரண்டு மணி நேரம் சூட்டில் வைத்துப்
பிறகு பார் என்கிறது விதி.
வைத்தேன். தயிர்சாதம் தின்றேன்.
மழை ஜன்னலில் கறுத்தது.

எழுபத்தொன்று.
மறுபடி செய்தேன்.
எழுபத்தொன்று.

இருபது பேரையும் உள்ளே அழைத்து
உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து,
பிறகு ஒவ்வொருவராய் முடித்திருக்கிறது
அந்த ரத்தம்.
ஊற்றிய மருந்தையெல்லாம் பகையென்று
வருஷக்கணக்காகப் படித்து வைத்திருக்கிறது.

கீழ்த்தளத்தில் ஓர் ஆய்வு. புது ஊசி,
வாரம் ஒன்று, தோலுக்கடியில்.
பழைய மருந்து தோற்ற பிள்ளைகளுக்கு மட்டுமே அதில் இடம்.
இந்தப் பாழாய்ப்போன எண்தான்
உள்ளே போகும் சீட்டு.
பலிக்குமா? அதைத்தான்
அவர்களும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எண்ணை நான் சொல்லக் கூடாது. டாக்டர்தான் சொல்ல வேண்டும்.
நடைக்கூடத்தில் அவன் என்னைப் பார்த்த பார்வையில்
வாய்தவறிவிட்டது.

"எழுபத்தொண்ணா?"
காலை நீட்டிவைத்த பெஞ்சிலிருந்து
அம்மாவின் முந்தானையை இழுத்தான்.
"மேத்ஸ்லகூட நான் இவ்ளோ வாங்கினதில்லம்மா."