பதினேழாம் கேள்வி

படிவத்தில் இருபத்திரண்டு கேள்விகள்.
பதினேழாவது:
குழந்தையோடு தாய் தினமும் பேசுகிறாரா?
ஆம், இல்லை.
இரண்டே கட்டம்.

முக்கூடலில் முப்பிடாதி மடியில் பீடித்தட்டு.
பிள்ளைக்கு இடம் மிச்சமில்லை.
காலை பதினொன்றுக்கே போய்க்கொண்டிருந்தேன்
மூன்று வாரமாக.
தலை நிமிரவில்லை அவள்.
நாலாம் வாரம் இலையைப் பார்த்தபடியே சொன்னாள்:
"கடைக்குப் போட்டுட்டு வந்தாத்தான்க்கா
எனக்குக் காது கேக்கும்.
அஞ்சு மணிக்கு மேல வாங்களேன்."

போனேன்.
பொம்மைப் பையைத் திறக்கவேயில்லை.
மகனின் கைவிரல்களை எண்ணினாள்,
பத்தோடு தீர்ந்ததும் கால்விரலுக்கு வந்தாள்.
"இன்னும் அஞ்சு இருந்தா ஒரு கட்டுலே" என்றாள்.
அவன் சிரித்த சிரிப்பில்
புகையிலைத் தூசிக்கு எனக்குத் தும்மல்.

கொம்பையாவுக்கு வீட்டு எண் கிடையாது.
சேரன்மகாதேவிப் பக்கம்
பிசானம் அறுத்த வயலில் கிடை.
போன வாரம் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம்,
இந்த வாரம் அந்தப் பக்கம்.
வண்டியை வரப்பில் சாய்த்துவிட்டு
ஆட்டுச் சத்தம் கேட்டு நடக்கணும்.
மனைவி திருப்பூர் மில்லில்.
கைப்பிள்ளை தோளில்.
"தாய்னுல்லா போட்டிருக்கு,
நான் பதில் சொல்லலாமா?"

தாயை அடித்து அப்பா என்று எழுதினேன்.
மேற்பார்வையாளர் சிவப்பில் வட்டமிட்டார்.

"பேச்சா? பகல் பூரா ஆட்டோட பேசுதேன்,
இவளும்தான் கேக்கா."
மூக்கைச் சுளித்து அவள்
'த்ரூ' என்றாள்.
நாலு ஆடு திரும்பிப் பார்த்தது.

பத்தமடை மைதீன் பாத்துவுக்குக்
காது கேட்காது, பேச்சும் இல்லை.
முதல் நாள் அது தெரிந்தும்
சத்தமாகப் பேசினேன்.
இப்போதும் அதை நினைத்தால் கூசுகிறது.

போன புதன் கரண்ட் இல்லை.
வியர்க்க உட்கார்ந்திருந்தோம்.
திடீரென்று பையன் கையைத் தூக்கி
விரல்களைக் குவித்து விரித்தான்.
டாட்டா காட்டுகிறானாக்கும் என்று
நானும் காட்டினேன்.
அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.
என் விரல்களைப் பிடித்துக் குவித்தாள், விரித்தாள்,
மேலே காட்டினாள்.

குழல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பத்து மாதத்துப் பிள்ளை.
எங்கள் மூவரில் அவன்தான் முதலில் பார்த்தான்,
சொல்லவும் செய்தான்.

'ஆம்' என்று நான் அழுத்திய அழுத்தத்தில்
அடுத்த தாளிலும் தடம் விழுந்துவிட்டது.
வீரவநல்லூர்,
இன்னும் வாசல்கூட மிதிக்காத வீடு.

அந்தத் தாளைக் கிழித்துவிட்டு
வேறு தாள் எடுத்துக்கொண்டேன்.