நானூறு டாலர் விதி

இங்கே நேர்ப்பாதை என்று பெயருக்குத்தான்.
மூன்று எண்ணுவதற்குள் வளைவு வந்துவிடும்.
இண்டியானாவின் சோயா வயல்களுக்கு நடுவே
யாரோ தட்டைக் கவிழ்த்து அழுத்தியதுபோல்
ஒரு மண்வட்டம்.
வெள்ளி மாலை தண்ணீர் லாரி ஒரு சுற்று வரும்.
களிமண் கறுத்து மினுங்கும்.

ரூடி வேய்ரிக் தன் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினை
போர்வை விலக்கிக் காட்டினான்.
பதினாலாயிரம் சுற்றில் பாடும் என்றான்.
பாடட்டும்.
அந்தச் சுருதிக்கு ஏறிப்போக
இங்கே இடம் எங்கே?
வாய்க்காலில் ஓட்ட யாராவது
கப்பல் வாங்குவார்களா?

எனக்கு வேண்டியது உச்சி அல்ல.
வளைவை விட்டு வெளியே வரும் கணத்தில்
முதுகுக்குப் பின்னால் ஒரு முட்டு,
கோபித்த கிடாவைப் போல.

அறுபது டாலருக்குக் கிடைத்தது
பிரஷர் வாஷரில் இருந்த ஆறரைக் குதிரை.
மெனோனைட் தேவாலயத்தின் வாசலை
ஏழு வருஷம் கழுவிய எஞ்சின்.
திறந்தால் உள்ளே பாவம் ஒன்றுமில்லை,
கொஞ்சம் கரி.

பகலில் பள்ளிப் பேருந்துகளுக்கு பிரேக் மாற்றுகிறேன்.
இரவில் இது.
கவர்னரைக் கழற்றினேன்:
“போதும், மெதுவாக” என்று
சொல்லிக்கொண்டே இருந்த பிளாஸ்டிக் பல்சக்கரம்.
அதை எடுத்தவள் இனி
அதன் வேலையையும் சேர்த்துச் செய்யவேண்டும்.
பழைய ராடை நம்பவில்லை, மாற்றினேன்.
சிலிண்டருக்குள் ஹோன் இறக்கி
வலைப்பின்னலாய்க் கோடு கீறினேன்,
எண்ணெய் நிற்க ஒரு இடம் வேண்டுமே.

கேம் விஷயத்தில் மட்டும் மூன்று நாள் தூக்கமில்லை.
பெரியது எல்லோரும் வாங்குவது.
நான் சின்னதை எடுத்தேன்.
வால்வு சீக்கிரம் மூடும், கீழ்ச்சுற்றில் இழுக்கும்.
மேலே போனால் மூச்சு வாங்கும், தெரியும்.
மேலே யார் போகப்போகிறார்கள்?
புகைக்குழாயை ஒரு முழம் நீட்டினேன்.
பிளக்கின் நுனி அட்டைப்பெட்டி நிறத்துக்கு வரும்வரை
ஜெட்டை மாற்றினேன், நாலு தடவை.
கிளட்ச், எஞ்சினின் முறுக்கு திரண்ட இடத்தில் பிடிக்கும்படி.
பின் சக்கரத்துக்கு எழுபத்திரண்டு பல்.

எல்லாம் சேர்த்து முந்நூற்று எண்பத்தாறு டாலர்.
இரவுகளைக் கணக்கில் எழுதவில்லை.

இருபது சுற்று, பதினோரு கார்ட்.
அறிவிப்பாளர் வெல்டா நாய்ன்ஷ்வாண்டர் என்ற பெயரை
இரண்டு விதமாகக் கடித்தார்.
நேர்ப்பாதையின் முடிவில்
எல்லோரும் என்னை நெருங்கினார்கள்.
இரண்டாம் வளைவைத் தாண்டியதும்
ஒரு சாண் தள்ளிப் போனேன்.
சுற்றுக்கு ஒரு சாண்.
சாணையெல்லாம் கூட்டிப் பார்த்தால்
ட்ரினாவுக்கு அடுத்தது, இரண்டாம் இடம்.
பல்லிடுக்கில் மண்.

ஹெல்மெட்டைக் கழற்றுமுன்
லாயல் கிரேபில் எதிரே நின்றான், ஆறாவதாக வந்தவன்.
கையில் வியர்த்த இருபது டாலர் நோட்டுகள்.

இந்த வகுப்பில் அப்படி ஒரு விதி:
முதல் மூவரின் எஞ்சினை
ஓடியவர் யார் வேண்டுமானாலும் நானூறுக்குக் கேட்கலாம்.
கேட்டால் கொடு,
இல்லையென்றால் இந்த வருஷம் வீட்டில் இரு.
பணக்காரன் இங்கே வந்து
பணத்தைக் கொட்டக் கூடாது என்பதற்காக.
நல்ல விதி.
நானும் கைதூக்கி ஆதரித்தது.

நாலு போல்ட்.
சூடு ஆறாத எஞ்சினைத்
தூங்கும் பிள்ளையைக் கைமாற்றுவதுபோல் கொடுத்தேன்,
தலையைத் தாங்கி.
“எத்தனை பல்?” என்றான்.
பல் விற்பனைக்கில்லை.
ஞாயிற்றுக்கிழமை தார்ப்பாதையில் ஓட்டப்போகிறேன் என்றான்,
அரை மைல் நீளம் அங்கே.

சொல்லியிருக்கலாம்.
பாதி நேர்ப்பாதையிலேயே அது
இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும் என்று.
“ஆயிலை மறக்காமல் மாற்று” என்று மட்டும் சொன்னேன்.

லாபம் பதினாலு டாலர்.
டிரெய்லரில் நாலு ஓட்டையோடு கார்ட் குலுங்கியது.
டெகேட்டர் தாண்டியதும் ஒரு கார் கழுவும் இடம்,
சுவரோரம் ஒரு மோட்டார் இருமிக்கொண்டிருந்தது.
வண்டியை ஓரம் கட்டி
விளக்கை அணைத்துவிட்டு
அது எந்தச் சுற்றில் தடுமாறுகிறது என்று
கேட்டுக்கொண்டிருந்தேன்.