காலி எடை

பெருந்துறை சாலையில் ஒரு மஞ்சள் கிடங்கு.
ஆறு நாளாக இங்கே இரவுச் சண்டை.
மூட்டைக்குள் உமி. மேலே தூவியது மட்டும் மெய்யான மஞ்சள்,
குளித்தாலும் மூக்கை விட்டுப் போவதில்லை.

எனக்கு ஐம்பத்தொன்று.
போஸ்டரில் முப்பத்தெட்டு.
இடது முழங்கால் இரண்டையும் நம்பாமல்
தனிக் கணக்கு வைத்திருக்கிறது.

நாளை சட்டையில்லாக் காட்சி.
நேற்று மதியத்திலிருந்து உப்பில்லை, தண்ணீரில்லை.
தோல் சதையோடு ஒட்டினால்தான்
வயிற்றின் ஆறு கட்டமும் வெளிச்சத்துக்கு வரும்.
அதைப் பார்த்துப் பலம் என்கிறார்கள்.
நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்ட ஒருவன்
மயங்கி விழாமல் நிற்பது, அவ்வளவுதான்.
கீழ்பவானி வாய்க்கால் பக்கத்தில் ஓடுகிறது.
சத்தம் கேட்காமலிருக்கக் காரின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன்.

என் தொழில் கையை நிறுத்துவது.
முழு வேகத்தில் போகிற கையை
தாடைக்கு இரண்டு விரற்கடை முன்னால்.
மிச்சத்தை எதிராளியின் கழுத்து பார்த்துக்கொள்ளும்.
சத்தத்தை வடபழனியில் ஒருவர்
ஈரத்துண்டால் தூணில் அறைந்து சேர்ப்பார்.
இருபத்தாறு வருடத்தில்
ஒரு தாடையையும் தொட்டதில்லை என்று
பேட்டிதோறும் சொல்லியிருக்கிறேன்.

மருதாசலம் எந்தப் பேட்டியையும் மறுத்ததில்லை.

பொள்ளாச்சிச் சந்தை, பதினோராவது டேக்.
நான் களைத்திருந்தேன், கை களைக்கவில்லை.
அவர் குனிந்து மண்ணில் எதையோ பொறுக்கி
சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
"பரவால்லீங்க, இன்னொண்ணு போயிரலாம்" என்றார்.
படத்தில் இருப்பது பல் போன டேக்.
தியேட்டரில் அந்த இடத்தில் விசில்.

இந்தப் படத்திலும் இருக்கிறார்.
நான்கு சட்டைகளில் நான்கு தடவை சாகிறார்.

இரவு மூன்று மணி. கிரேன் பழுது.
சாலைக்கு அந்தப்பக்கம் லாரி எடைமேடை,
கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு பெண்
பில் புத்தகத்தின் மேல் கன்னம் வைத்து விழித்திருந்தாள்.
"எடை போடோணுங்க" என்றேன்.
"வண்டி எங்கீங்க?"
"நான்தான்."

காலையில் எண்பது கிலோ, இருநூறு கிராம்.
அந்த இருநூறு கிராமுக்காகத்தான்
மொட்டை மாடியில் ஒரு மணி நேரம் கயிறு தாண்டினேன்.
நாற்பது டன் தாங்கும் இரும்பின் நடுவில் போய் நின்றேன்.
சிவப்பு எண் கொஞ்சம் யோசித்தது. எண்பது.
"பத்துப் பத்தாத்தானுங்க காட்டும்.
சில்லறையெல்லாம் இதுல வராதுங்க."

என்னைத் தெரிந்ததா தெரியவில்லை.
தெரிந்தே அறுபது ரூபாய் வாங்கியிருக்கலாம்.
சீட்டில் வண்டி எண்: கோடு.
மொத்த எடை: 80.
காலி எடை: வெற்றிடம்.
"இது?"
"சரக்க எறக்கிப்போட்டு வாங்க,
அப்பத்தான் காலி எடை போட முடியும்."

சொல்லிவிட்டுக் கொட்டாவி விட்டாள்.
நான் மேடையிலேயே நின்றிருந்தேன்.
பின்னால் தேங்காய் லாரி ஒன்று ஹாரன் அடித்தது.

மருதாசலம் என்னைத் தேடி வந்தார்,
மூன்றாவது சட்டையில், கழுத்தில் காய்ந்த சாய ரத்தத்தோடு.
அவரும் ஏறி நின்றார். நூற்று ஐம்பது.
"நெம்ப எளச்சிட்டீங்க" என்றார்.
கையில் தண்ணீர் பாட்டில்.
குடிக்கும்போது பல் இல்லாத இடத்தில்
தண்ணீர் சின்னதாகச் சீட்டியடித்தது.
கேட்காமலே நீட்டினார்.

ஒரு வாய்.
அப்புறம் இன்னொரு வாய்.
நாளைக்கு ஒரு கட்டம் குறையும்.
ஐந்து கட்டத்தோடு யாரும் எண்ணிப் பார்த்ததில்லை,
எண்ணினால் எண்ணட்டும்.

நான்கு மணிக்குக் கிரேன் எழுந்தது.
உமி மூட்டைகளுக்கு நடுவே அவர் முகத்தைத் தந்தார்,
மூடாத கண்ணோடு, எப்போதும் போல.
வீசினேன்.
நின்றது மூன்று விரற்கடையில்.

மானிட்டருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்:
"சார், கேப் தெரியுது. இன்னும் கிட்டக்க."
மருதாசலம் அரையடி முன்னால் வந்து நின்றார்.